9 வழக்குகள், 18 ஆண்டுகள்: தண்டனைக் கூட்டலும் மேல்முறையீட்டு உரிமையும்

(சிறைவாசிகளின் சட்ட உரிமைகள் குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



உத்தரப் பிரதேசத்தின் ஹாபூரில் மின்துறைப் பொருள்களைத் திருடியதாக ஒரே மனிதர்மீது 9 வழக்குகள் தொடரப்பட்டன. அவர் தண்டனைப் பேரத்துக்கு இசைந்தார். 2020 நவம்பரில் ஒவ்வொரு வழக்கிலும் 2 ஆண்டு வெறுங்காவல் விதிக்கப்பட்டது. தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்ற ஒரு தொடர் தீர்ப்பில் இல்லை. விளைவாக, 9 தண்டனைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடப்பட்டு 18 ஆண்டுகள் ஆயின. அலகாபாத் உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

2022 டிசம்பர் 16 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோரின் அமர்வு இவ்வழக்கை விசாரித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் மூத்த வழக்கறிஞருமான எஸ். நாகமுத்து நீதிமன்றத்துக்கு உதவினார். இது நடைமுறையில் ஆயுள் தண்டனையாகிவிடுகிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். 9 தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குள் அவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டிருந்தார்.

இந்த அநீதியின் வேர் சட்டத்திலேயே உள்ளது. ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குத் தண்டனை விதித்தால் அதன் மொத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. வெவ்வேறு விசாரணைகளில் விதித்தால் அத்தகைய வரம்பு எதுவுமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427ஆவது பிரிவும், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 467ஆவது பிரிவும் ஒன்றையே கூறுகின்றன: நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாவிட்டால், முந்தைய தண்டனை முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். எனவே, ஒருவர் எத்தனை ஆண்டுகள் சிறையில் இருப்பார் என்பதைக் குற்றத்தின் கடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை முதல் தகவல் அறிக்கைகள், எத்தனை விசாரணைகள் என்பதும் தீர்மானிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதைச் சரிசெய்ததா? ஓராண்டுக்குள் நிகழ்ந்த ஒரே வகையான 3 குற்றங்களைச் சேர்த்து விசாரிக்கலாம் என்றிருந்தது 5 ஆக உயர்ந்தது. இது சிறிய நிவாரணம். ஆனால், ஒரே விசாரணையின் மொத்தத் தண்டனைக்கு இருந்த 14 ஆண்டு வரம்பு 20 ஆண்டாக நீட்டப்பட்டது. தனித்தனி விசாரணைகளுக்கு வரம்பு இன்றுவரை இல்லை. இரண்டாம் முறை திருட்டுக்குத் தண்டிக்கப்படுவோருக்குக் குறைந்தது ஓராண்டு கடுங்காவல் என்ற புதிய விதியும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சேர்ந்துள்ளது.

திருட்டை நியாயப்படுத்துவது இங்கு நோக்கமன்று. ஏழையின் மிதிவண்டியும் ஆடும் களவு போவது ஏழைக்குத்தான் இழப்பு. ஆனால், வங்கிகளின் பல்லாயிரம் கோடியை விழுங்கிவிட்டு வெளிநாட்டில் வாழ்பவர்களைத் திரும்ப அழைத்துவர முடியாத அரசு, கம்பி திருடியவரை 18 ஆண்டுகள் அடைத்துவைக்க முற்படும்போது சட்டத்தின் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது.

இத்தகைய குடும்பங்கள் கட்சிக் கிளையை நாடி வரும்போது தோழர்கள் முதலில் தீர்ப்பு நகல்களைப் பெற வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம். நகல் பெறுவதும், மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி பெறுவதும் கைதியின் உரிமைகள் என்று 1978ஆம் ஆண்டிலேயே ஹொஸ்கோட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிலைநாட்டினார். 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சிறைத்துறைப் பொறுப்பையும் வகித்தவர் அவர்.

தண்டனைகள் ஏககாலமா, அடுத்தடுத்தா என்று ஒவ்வொரு தீர்ப்பிலும் பார்க்க வேண்டும். விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாள்கள் கழிக்கப்பட்டனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். கடந்துவிட்டாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். கைதி சிறை அதிகாரியிடமே மேல்முறையீட்டு மனுவை அளிக்கலாம். அபராதம் கட்டாததற்கான சிறைக்காலம் இந்த ஏககாலச் சலுகையில் அடங்காது. ஆகவே அபராதத் தொகைக்கும் வழிகாண வேண்டும்.

தண்டனைகளை ஏககாலமாக்குவது நீதிமன்றத்தின் விருப்புரிமை, தானாகக் கிடைப்பதன்று. திருட்டுகளுக்கு இடையேயான தொடர்பு, குற்றத்தின் தன்மை, மொத்தக் காலத்தின் கடுமை ஆகியவற்றை எடுத்துரைத்து வாதிட வேண்டும்.

தனிமனித சுதந்திரம் தொடர்பான எந்த வழக்கும் சிறியதன்று என்பதே ஹாபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உணர்த்திய செய்தி. அந்த ஒருவர் டெல்லி வரை சென்று சேர்ந்தார். கீழமை நீதிமன்றத்தின் படிக்கட்டோடு நின்றுவிடுபவர்களுக்குத் துணை நிற்பதே தோழர்களின் கடமை.