செம்மறியின் காலெலும்பும் உடலின் பருமனும்

(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கொழும்பில் நிகழ்த்திய பேச்சு)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு செம்மறி வளர்ப்பைப்பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இங்கு வாழும் உங்களுட் பலருக்கு யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மன்னாரிலோ காணியுண்டு. பெற்றோரோ சகோதரரோ அங்கே பட்டி வைத்திருக்கின்றனர். மறி வாங்குவதற்கென்று இங்கிருந்தே பணம் அனுப்புகின்றீர்கள். அப்பணம் எத்தகைய ஆடாக மாறுகின்றது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். கிராமங்களிலே ஆடு பெரும்பாலும் நிறுத்து விற்கப்படுவதில்லை; கண்மதிப்பிலேயே விலை தீர்க்கப்படுகின்றது. காலின் நீளத்தைக் காட்டி விலையை ஏற்றுவது தரகரின் வழக்கம். அந்தக் கால் எதைத் தெரிவிக்கின்றது, எதைத் தெரிவிப்பதில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த விடயம்.

முதலில் எலும்பை அறிந்துகொள்வோம். செம்மறியின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலேயுள்ள மூட்டு வரையும் ஒரே எலும்பு நேராக இறங்குகின்றது. இதனை இங்கு முன்கணையெலும்பு என்போம். ஆட்டுக்கால் சூப்பு வைக்கும் வீடுகளில் யாவரும் கண்ட எலும்புதான். கருவிலே இரண்டாக இருந்து பின்னர் ஒன்றாய்ப் பொருந்தியதனால் அதன் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதை இன்றும் தடவிப் பார்க்கலாம். இந்த எலும்பின்மேல் இறைச்சி இல்லை. தோலும் நரம்பும் மாத்திரமே உண்டு. ஆதலால் உயிருள்ள ஆட்டிலும் இதனை ஓரளவு திருத்தமாக அளக்கலாம். அறிவியலாளர் பிற எலும்புகளை விட்டு இதனைத் தெரிந்துகொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த எலும்பின் நீளத்திலிருந்து ஆட்டின் உயரத்தைக் கணிக்கலாம். பழைய குடியிருப்புக்களைத் தோண்டி எலும்புகளை ஆராய்வோர் பயன்படுத்தும் முறை இது. ஜேர்மனிய ஆய்வாளர் தைகேர்ட் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருக்கெண்களின்படி, முன்கணையெலும்பின் நீளத்தை 4.89 ஆற் பெருக்கினால் தோள்மேட்டின் உயரம் கிடைக்கும். எலும்பு 12 சென்ரிமீற்றர் எனின் உயரம் ஏறக்குறைய 58.7 சென்ரிமீற்றர். எல்லா இனங்களுக்கும் இது ஒரேயளவாய்ப் பொருந்துமென்று கொள்ளவேண்டாம். காலின் விகிதம் இனத்திற்கினம் வேறுபடும். ஒரே பட்டியின் ஆடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே இக்கணக்கு நன்கு உதவும்.

உயரம் வேறு, நிறை வேறு. ஒரே அமைப்புள்ள இரண்டு ஆடுகளில் ஒன்று மற்றதிலும் பத்தில் ஒரு பங்கு உயரமாயின், நிறையும் பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. உடல் உயரத்திலும் நீளத்திலும் அகலத்திலும் ஒருங்கே பெருக்கின்றது. 1.1ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள், 1.33 வரும். சிறியது 20 கிலோகிராம் எனின் பெரியது 26½ கிலோகிராமுக்குச் சற்று மேலாகும். ஆனால் எலும்பின் தாங்கும் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, அப்பரப்பு 1.21 மடங்காகவே கூடும். எனவே பெரிய விலங்கின் எலும்பு நீளத்திற்கேற்ற அளவிலும் அதிகமாகத் தடித்தல் வேண்டும். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638இலேயே இதனை எடுத்துக்காட்டினார். ஆகையால், காலின் நீளத்தை மாத்திரம் பார்ப்பவர் பாதியையே பார்க்கின்றார். நீளம் சட்டகத்தின் அளவைக் காட்டும். அச்சட்டகம் எவ்வளவு சுமக்கவல்லது என்பதைப் பருமனே காட்டும்.

இனி வளர்ச்சியின் ஒழுங்கைக் கவனிப்போம். எனது எண்ணத்தில் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். பிறந்த குட்டியைப் பாருங்கள்: தலை பெரிது, கால் நெடிது, உடலோ ஒடுங்கியது. தாயின் பின்னே ஓடவேண்டிய உயிராதலால் இயற்கை காலை முதலிற் கட்டி முடிக்கின்றது. கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி நடத்திய ஜோன் ஹமண்ட் செம்மறியின் வளர்ச்சிபற்றி 1932இல் வெளியிட்ட நூலில் இவ்வொழுங்கை விரிவாக விளக்கினார். தலையும் காலும் முந்தும். பின்னர் உடல் நீளும். இடுப்பும் முதுகும் இறுதியிலேயே நிரம்பும். திசுக்களிலும் அவ்வாறே எலும்பு முதலாவது, தசை இரண்டாவது, கொழுப்பு மூன்றாவது. எலும்பிலும் நீளம் முந்தியும் பருமன் பிந்தியும் வருகின்றன.

இவ்வொழுங்கினால் விளைவது யாது? தீன் குறைந்த காலத்தில் பிந்தி வளரும் உறுப்புக்களே கூடுதலாய்ப் பாதிக்கப்படும். வரட்சியில், ஆடி ஆவணி மாதங்களிற் புல் கருகியபின், பாலும் தீனும் போதாமல் வளர்ந்த குட்டியின் கால் அவ்வளவாகக் குறுகுவதில்லை. முதுகும் தொடையுமே வற்றிப்போகின்றன. தரகர் "நெடுங்கால், நல்ல இனம்" என்று புகழும் ஆடு, பல வேளைகளிற் பட்டினியில் வளர்ந்த ஆடாகவே இருக்கும்! நெடிய கால்களின்மேல் ஒடுங்கிய மார்பைக் கண்டால் விலை பேசுமுன் சற்று நின்று யோசியுங்கள்.

இளமையில் நலமடித்த கடாவும் கண்ணை ஏமாற்றும். முன்கணையெலும்பு பிறந்தபின் அதன் கீழ்முனையிலேயே நீளுகின்றது. அங்குள்ள குருத்துப்படை இறுகியதும் வளர்ச்சி நின்றுவிடும். நலமடித்த ஆட்டில் அது தாமதித்தே இறுகுவதால் எலும்பு நீண்டும் மெலிந்தும் அமைகின்றது. ஷெற்லாந்துச் செம்மறிகளின் எலும்புகளை அளந்து இதனை உறுதிசெய்துள்ளனர். ஆகவே மறியை மறியோடும், கடாவைக் கடாவோடும், நலமடித்ததை நலமடித்ததோடும் ஒப்பிடுதலே முறை.

ஒரே வயதுடையவற்றையே ஒப்பிடுதலும் அவசியம். வயதறியக் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எட்டும் பாற்பற்களாயின் ஆடு பெரும்பாலும் ஒன்றரை வயதிற்கு உட்பட்டது. நடுவில் இரண்டு அகன்ற பற்கள் முளைத்திருப்பின் ஒரு வயதைத் தாண்டியது. கொட்டாஞ்சேனையில் இறைச்சி வாங்குவோருக்கும் ஒரு குறிப்புண்டு. ஆட்டுக்காலை அவித்தபின் முன்கணையெலும்பின் கீழ்முனை தொப்பிபோற் கழன்று வந்தால் அது இளம் ஆடு. உறுதியாய் ஒட்டியிருந்தால் முதிர்ந்தது. வெள்ளாட்டிற்கும் இது பொருந்தும். இளங்குட்டி என்று சொல்லி விற்றது மெய்யோ என்பதை உங்கள் அடுப்பே சொல்லிவிடும்.

அவ்வாறாயின் குட்டைக்கால் ஆட்டையே தெரிந்தெடுக்கலாமா? ஹமண்டிடம் பயின்ற ஐஸ்லாந்து நாட்டவர் ஹல்டோர் பால்சன், ஒரே நிறையுள்ள ஆடுகளிற் குறுகிய முன்கணையெலும்புடையவற்றின் தசை தடிப்பாக இருப்பதை 1939ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐஸ்லாந்திற் கடாக்களைத் தெரிவதற்கு இவ்வளவு பயன்பட்டது. இந்தியாவிலே மண்டியாப் பகுதியின் பன்னூர் இனம் குட்டைக் காலும் அகன்ற உடலும் கொண்ட இறைச்சியினம். நெல்லூர் இனமோ அந்நாட்டுச் செம்மறிகளுள் மிக உயரமானது. நம் யாழ்ப்பாண உள்ளூர்ச் செம்மறி இவ்விரண்டிலும் சிறியது. எனினும் வரண்ட நிலத்தைத் தாங்கவல்லது.

மன்னாரிலும் வன்னியிலும் பட்டி மேய்ச்சலுக்காக நாடோறும் நெடுந்தூரம் நடக்கின்றது. அங்கே குட்டைக்காலைப் பெரிதும் நாடினால், நடக்கமாட்டாத ஆட்டைத் தேடிக்கொண்டவராவோம். தோட்டத்திற் கட்டித் தழை வெட்டிப் போடுபவருக்கோ குறுகிய காலும் அகன்ற மார்பும் உடைய கடா நல்ல பயன் தரும். நடக்கும் பட்டிக்கு நடுத்தர நீளமும், தடித்து உறுதியான முன்கணையெலும்பும், நேரான நிலையும் உள்ள கடாவையே நான் தெரிவேன்.

அளக்கும் விதம் எளிது. ஆட்டைச் சமதரையில் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலையும் கீழ்மூட்டையும் மடக்கி, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தையற்காரரின் நாடாவால் அளக்கவேண்டும். எலும்பின் நடுவே சுற்றளவையும் எடுங்கள். பின்னர் முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தெலும்பு வரையுள்ள நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 10,800 ஆல் வகுத்தால் உத்தேச நிறை கிலோகிராமில் வரும். சுற்றளவு 66, நீளம் 60 ஆயின் நிறை 24 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். சுற்றளவு 60 ஆகக் குறைந்தால், காலும் நீளமும் மாறாதிருந்தும், நிறை 20 கிலோகிராமே. இந்த நான்கு கிலோகிராமின் விலையைத்தான் கண்மதிப்பில் வாங்குவோர் இழக்கின்றனர்.

அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது ஓர் அளவுநாடாவையும் சேர்த்து அனுப்புங்கள். வாங்கும் ஒவ்வொரு மறிக்கும் பல்லின் நிலை, முன்கணையெலும்பின் நீளம், அதன் சுற்றளவு, மார்புச் சுற்றளவு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படி சொல்லுங்கள். கடா வாங்குவதாயின் நாடா பிடிக்குமுன் விலை பேசவேண்டாம் என்றும் சேர்த்தெழுதுங்கள்.