வைகறையில் விழித்திருப்போர்



நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள பொழுதை வைகறை என்றனர். ஊர் ஆழ்ந்து உறங்கும் அவ்வேளையில் மருத்துவமனை வார்டுகளில் தாதியர் விழித்திருந்து பணியாற்றுகின்றனர். அப்போது அவர்களுடைய கவனம் எந்நிலையில் இருக்கும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் செறிந்த சிறு பகுதி உண்டு. அதுவே நம் உடலின் தலைமைக் கடிகாரம். கண்வழி வரும் ஒளியைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருள் சூழ்ந்தபின் மெலட்டோனின் என்னும் இயக்குநீர் மிகுகிறது. உடலின் உள்வெப்பம் படிப்படியாகக் குறைந்து வைகறையில் மிகவும் தாழ்கிறது. விழிப்பும் கவனமும் அதனுடன் சேர்ந்தே தாழ்கின்றன. இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதனுடன் மற்றொரு சுமையும் சேர்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. காலை 8 மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் முதல்நாள் இரவுப் பணிக்கு வரும் தாதி, நள்ளிரவு கடந்து 1 மணிக்கே அந்நிலையை எட்டுகிறார். வைகறை அதன் பின்னரே தொடங்குகிறது. மருந்தளவில் ஒரு தசமப்புள்ளியைக் கவனியாது விட ஒரு நொடி போதும்.

இதில் பேராபத்து யாது? களைத்தவர் தம் களைப்பை அறியாமைதான். நாள்தோறும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ இரு வாரங்கள் உறங்கியோரை ஆராய்ந்து 2003இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே சென்றது. அவர்களோ தமக்குத் தூக்கக் கலக்கம் அவ்வளவாக இல்லை என்றே கருதினர். ஆதலால், ‘இன்னும் கருத்தாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுவதால் பயனில்லை. வைகறையில் நிகழும் பிழையைக் கடமையுணர்வின் குறை என்று பழிப்பதும் முறையன்று.

பணியின் அமைப்பே பாதுகாப்புத் தர வேண்டும். அமெரிக்கத் தாதியர் தம் பணிநேரத்தைத் தாமே குறித்துவைத்த பதிவுகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு, பணி 12½ மணி நேரத்தை எட்டும்போது பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காவதைக் காட்டியது. ஆகவே பணிநேரத்திற்கு வரம்பு வேண்டும். இரவின் நடுவே சிறுதுயிலுக்கு இடமும், எழுந்தபின் மயக்கம் தெளியச் சிறிது நேரமும் வேண்டும். ஆபத்து மிகுந்த மருந்துகளை இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

இனி, நம் பங்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் கதிரவன் காலை 7 மணியளவில் உதிக்கிறான். இரவுப் பணி முடிந்து தாதியர் வீடு திரும்புவதும் ஏறத்தாழ அந்நேரமே. காலை ஒளி உடற்கடிகாரத்திற்குப் பகல் வந்துவிட்டதென அறிவிக்க, அவர்களுடைய உறக்கம் இயல்பாகவே குறுகிவிடுகிறது. எஞ்சிய உறக்கத்தையும் தொலைபேசி அழைப்பாலும், ‘பகலில் என்ன தூக்கம்?’ என்ற கேள்வியாலும் நாம் கலைத்துவிடுகிறோம். குடும்பத்தார் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, ஓசையின்றி நடந்தாலே பேருதவியாகும். அன்று பகலில் ஒரு தாதிக்கு நாம் விட்டுக்கொடுக்கும் உறக்கம், மறுநாள் வைகறையில் முன்பின் அறியாத ஒரு நோயாளியைக் காக்கும்.