காட்டுயிரின் கேடயம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதும் எழுத்தருக்கும் காட்டு விலங்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. இருப்புப்பாதை ஊரோடு ஊரை மட்டும் இணைப்பதில்லை. இடையிலுள்ள காட்டையும் ஊடறுத்துச் செல்கிறது. சாலையும் அவ்வாறே. நாம் குடியேறி வாழும் இப்பெங்களூரிலிருந்து மைசூர் வழியே உதகைக்குச் செல்வோர் பந்திப்பூர்க் காட்டையும், அதனை அடுத்த முதுமலைக் காட்டையும் கடந்தே செல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தெரிந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காடுகளுள் பந்திப்பூரும் ஒன்று. புலிக்குப் புகலிடமான அக்காட்டில் புள்ளிமானும் கூட்டங் கூட்டமாக வாழ்கிறது. வாளும் வேலும் இல்லாத மான், புலியின் நடுவே வாழ்வது எங்ஙனம்? இதுவே நாம் இன்று எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

புலியின் பாய்ச்சலைப் புகழாதார் இல்லை. ஆனால் அப்புலியும் பன்முறை பாய்ந்தே ஒருமுறை இரை கொள்கிறது. எஞ்சிய முறைகளில் வெல்வது யார்? வலியற்றது என்று நாம் இரங்கும் விலங்கே வெல்கிறது!

மானின் முதற் காவல் அதன் விழிப்பு. மரநிழலில் வெயில் புள்ளிபுள்ளியாய் விழுமிடத்தில் அதன் உடற்புள்ளிகள் அதனை மறைக்கின்றன. அதன் மூக்கு கூரியது. ஆயினும் புதருக்கு அப்பால் பதுங்கியிருப்பதைக் கண் காணாது. அக்குறையைத் தீர்க்கிறது மரத்தின் மேலிருக்கும் கருமுகக் குரங்கு. உயரத்திலிருந்து புலியையோ சிறுத்தையையோ கண்ட அளவில் குரங்கு குரல் கொடுக்கும். கீழே மேயும் மான் தலை நிமிர்ந்து வால் தூக்கி நிற்கும். குரங்கு உண்டு உதிர்க்கும் இலையும் கனியும் மானுக்கு உணவாகும். மான் முதலில் மோப்பம் பிடித்துக் கூவினால் குரங்கு கிளையேறித் தப்பும். இனம் வேறு; குரல் வேறு; எனினும் ஒன்றன் அபாயக் குரலை மற்றொன்று ஐயமற அறியும். பல மொழியினர் ஒரு நகரில் கூடி வாழும் நமக்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ? கன்னட நாட்டு அண்டைவீட்டார்க்கு ஒரு துன்பம் வருமென்று கண்டால் முதற்குரல் நம்முடையதாக இருத்தல் வேண்டும். நமக்கு வருமென்றால் அவர்களுடையதாக இருக்கும்.

இரண்டாவது காவல் கவசம். முள்ளம்பன்றி தன் முட்களை அம்புபோல் எய்யும் என்று நம் முன்னோர் கூறக் கேட்டிருக்கிறோம். அஃது உண்மையன்று. தடித்து வளர்ந்த மயிரே அம்முள். பகை நெருங்கினால் முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து, வாலின் முட்களைக் கலகலவென ஒலித்து எச்சரிக்கும். கேளாவிடின் பின்புறமாகவே விரைந்து பாயும். தைத்த முள் பகைவன் உடலிலேயே தங்கிவிடும். குமாயூன் மலையில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், முக்தேசர்ப் பெண்புலியைப் பற்றி எழுதியிருக்கிறார். முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்து, முன்காலில் ஏறக்குறைய 50 முட்கள் ஏறிப் புண்பட்டு, வழக்கமான இரையைப் பிடிக்க இயலாமற் போன பிறகே அது மனிதரைக் கொன்றதாம். ஒரு சிறு விலங்கின் தற்காப்பு ஒரு புலியின் வாழ்வையே மாற்றிவிட்டது!

அழுங்கு என்னும் எறும்புதின்னிக்குப் பல் இல்லை. ஓட்டமும் குறைவு. ஆயினும் தலையை வயிற்றுள் புதைத்து, வாலால் சுற்றிப் பந்தாகச் சுருண்டுவிட்டால், சிறுத்தையும் அதனை உருட்டி உருட்டிப் பார்த்துச் சலித்துப் போகும். நம் விரல் நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளாலேயே ஆயவை அதன் செதில்கள்.

மூன்றாவது காவல் சூழ்ச்சி. ஆள்காட்டிக் குருவியை அறியாதார் யார்? ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். வெட்டவெளியில் கூழாங்கற்களிடையே முட்டையிடும். முட்டையும் கல்லின் நிறமே. பகை நெருங்கினால், தாய்ப்பறவை சிறகொடிந்ததுபோல் நடித்துத் தரையில் தத்தித் தத்திப் பகையைத் தொலைவுக்கு இழுத்துச் சென்று, பின் சட்டெனப் பறந்துவிடும். இப்பறவை தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சரளைக் கற்களிலும் கூடு கட்டியதுண்டு. வண்டி வருங்கால் எழுந்து விலகி, வண்டி போனபின் மீண்டு அடைகாத்ததாகப் பறவை நூலார் குறித்துள்ளனர். இரயில்வே ஊழியராகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது இயல்பே.

நான்காவது காவல் அசையாமை. நம் நாட்டில் மெலிந்தவரை ஏளனம் செய்யத் தேவாங்கின் பெயரைச் சொல்வர். கன்னடத்தாரோ அதனைக் காடுபாப்பா, அதாவது காட்டுக் குழந்தை, என்று அன்புடன் அழைக்கின்றனர். இப்பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் தேவாங்கு வாழ்கிறது. இரவில் ஓசையின்றிக் கிளைக்குக் கிளை மெல்ல நகரும். ஐயம் தோன்றினால் அசைவற்று இலையோடு இலையாய் ஒன்றிவிடும். அசையாத பொருளைப் பகையின் கண் எளிதிற் காணாது.

ஐந்தாவது காவல் ஒற்றுமை. யானைக்கூட்டம் இடர் வருமென்று உணர்ந்தால் பெரிய யானைகள் வெளிப்புறம் நின்று கன்றுகளை நடுவில் அணைத்துக்கொள்ளும். கன்றை விட்டுத் தாய் அகலாது. அச்சுற்றுக்குள் புக எப்புலிக்குத் துணிவுண்டு?

பெருமக்களே! இதுகாறும் கூறியவை இயற்கையின் வெற்றி. இனிக் கூறவிருப்பது நம் நெஞ்சைச் சுடுவது.

இக்கேடயங்கள் எல்லாம் எண்ணற்ற தலைமுறைகளாகப் பழைய பகைவரை எதிர்த்து எதிர்த்து அமைந்தவை. புதிய பகைவன் ஒருவன் வந்திருக்கிறான். அவன் முன் இதே கேடயங்கள் உயிர்க்குக் கேடாய் முடிகின்றன. சிறுத்தை கைவிட்டுப் போகும் சுருண்ட அழுங்கை, மனிதன் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். செதிலில் மருந்து உண்டென்னும் பொய்ந்நம்பிக்கை அதன் இனத்தையே அழித்து வருகிறது. அழுங்கின் பன்னாட்டு வணிகத்தை 2016ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடித் தடுக்க வேண்டியதாயிற்று. ஓட்டுக்குள் ஒடுங்கும் நட்சத்திர ஆமைக்கும் 2019ஆம் ஆண்டில் அத்தகைய தடையே காவலாயிற்று. அசையாமையால் வாழும் தேவாங்கு, மரம் வெட்டுண்டு கிளைத்தொடர் அறுந்தால் தரையில் இறங்கி நடக்க வேண்டும். தெருநாய்க்கு இரையாக வேண்டும். இரவில் வண்டி விளக்கின் ஒளி கண்ணிற் பட்டால் மான் திகைத்து நின்றுவிடும். அந்நிலை அதற்கு இறுதி நிலையாகிவிடும்.

யானையின் ஒற்றுமையோ? கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரைப் பகுதியில் 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஓர் இரவு, விரைவு இரயில் மோதி மூன்று யானைகள் ஒருங்கே மாண்டன. புலியை விலக்கும் சுற்று, எஃகுச் சக்கரத்தை விலக்குமோ? இருப்புப்பாதையால் உண்டு உடுத்து வாழும் நம்போன்றோர்க்கு இச்செய்தி வெறும் செய்தியன்று.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகைப்படுத்தி, மனத்தை ஆறாவது அறிவாக வைத்தார். கொம்பும் முள்ளும் செய்ய இயலாததை அவ்வாறாம் அறிவு செய்ய இயலும், செய்தும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் பந்திப்பூர்ச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்வது தடுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2022ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த கடவூர்க் காட்டைத் தேவாங்குக்கென்றே தமிழ்நாட்டு அரசு சரணாலயமாக்கியது. மதுக்கரையில் 2024ஆம் ஆண்டு முதல், கோபுரங்களில் பொருத்திய காமிராக்கள் இரவும் பகலும் விழித்திருந்து, யானை பாதையை நெருங்கினால் வனத்துறைக்கும் இரயில்வேக்கும் செய்தி தருகின்றன. மரத்தின்மேற் குரங்கு மானுக்குச் செய்த தொண்டை இன்று மனிதன் யானைக்குச் செய்கிறான்!

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று. காட்டுச் சாலையில் செல்லுங்கால் விரைவைக் குறைப்போம், ஒலிப்பானை அடக்குவோம். ஆமையையும் அழுங்கின் செதிலையும் எவர் விற்க வரினும் வாங்க மறுப்போம், வனத்துறைக்கும் அறிவிப்போம். நம் தெருவில் மரம் வெட்ட வருங்கால், கிளையோடு கிளை தொடுமாறு சிலவற்றையேனும் விட்டுவைக்குமாறு கன்னட அண்டையாரோடு சேர்ந்து கேட்போம்.

புலிக்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ள மான் அறியும். நமக்கு எதிராகத் தன்னைக் காக்க அஃது அறியாது. அந்தக் கேடயத்தை நாமே ஏந்த வேண்டும்.

வாழ்க கானகம்! வளர்க தமிழ்!