ஊசி மேல நாலணா: டோன்ஆர்ம் செட் பண்றது எப்படி?

"புது டர்ன்டேபிள் வாங்கியாச்சு, முதல் பாட்டு சூப்பர், ஆனா கடைசிப் பாட்டு மட்டும் கரகரங்குது." இப்படி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி ஊசியைத் தாங்குற அந்தக் கையைப் பாருங்க. அதான் டோன்ஆர்ம்.

கம்மாபுரத்துல என் பெரியப்பா மைக் செட் வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாத்துக்கும் அவர் ரிக்கார்டுதான். தட்டு குதிச்சா ஊசி மேல ஒரு நாலணாவை வெச்சுடுவார். குதிக்கிறது நின்னுடும். பந்தல்ல மேஜை ஆடும், தட்டு வளைஞ்சிருக்கும், பாட்டு நின்னா ஊரே திட்டும். அவர் தொழிலுக்கு அது சரி.

நமக்கு சரிவராது. பழைய நாலணா 2.5 கிராம். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜ் கேக்கிற எடையே 2 கிராம்தான். காசு வெச்சா 4.5 ஆயிடும். அவர்கிட்ட இருந்து எனக்கு வந்த எல்பிகள்ல சிலதுல பள்ளம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. அந்தத் தேய்மானத்தை எந்த மெஷினாலயும் திருப்ப முடியாது. மிச்சம் இருக்கிற தட்டுகளையாவது காப்பாத்தணும்னுதான் இதையெல்லாம் படிச்சேன்.

அப்போ எடையைக் குறைச்சுட்டா நல்லதுதானேன்னு தோணும். அதுவும் ஆபத்து. எடை பத்தலைன்னா ஊசி பள்ளத்தோட சுவரை விட்டு எகிறி, திரும்ப வந்து மோதும். அந்த மோதல்தான் தட்டை வெட்டுது. கம்பெனி 1.8-லேர்ந்து 2.2 வரைக்கும்னு சொன்னா 2-ல வையுங்க, 1.5-ல வேண்டாம்.

முதல்ல மேஸ்திரிங்க வெச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு வாங்கி டர்ன்டேபிளை மட்டம் பண்ணுங்க. ஆன்டி-ஸ்கேட்டிங்கை பூஜ்யத்துல வையுங்க. ஊசி எதுலயும் படாம, கை தராசு முள் மாதிரி அந்தரத்துல நேரா நிக்கிற வரைக்கும் பின்னாடி இருக்கிற எடையைத் திருகுங்க. அப்புறம் நம்பர் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எடையோட சேர்த்து 2 வரைக்கும் திருப்புங்க. வளையத்தை முழுசா நம்பாம ஒரு சின்ன டிஜிட்டல் தராசுல சரி பாருங்க. தராசுத் தட்டு இரும்பா இருக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜ்ல காந்தம் இருக்கு, இழுத்துடும்.

இப்போ அந்தக் கடைசிப் பாட்டு விஷயம். 33⅓ வேகத்துல எல்பியோட வெளி ஓரத்துல ஊசிக்குக் கீழே நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுது. உள்ளே லேபிள் பக்கத்துல வெறும் 21 செ.மீ. அதே அளவு சத்தம் பாதிக்கும் குறைவான இடத்துல நெருக்கியடிச்சு இருக்கு. அங்க ஊசி கொஞ்சம் கோணலா நின்னாலும் ஜானகியம்மா பாடுற ஒவ்வொரு 'ஸ'வும் 'ஷ்ஷ்'னு சிதறும்.

தட்டை வெட்டுற மெஷின் நேர்கோட்டுல நகரும். நம்ம கை ஒரு முனையில சுழல்றதால வில் மாதிரி வளைஞ்சு வரும். அதனால ரெண்டே ரெண்டு இடத்துலதான் கச்சிதமா பொருந்தும். பேர்வால்ட் கணக்குப்படி மையத்துலேர்ந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இந்தப் புள்ளிகள் போட்ட புரோட்ராக்டரை பிரிண்ட் எடுத்து, ஹெட்ஷெல்லோட ரெண்டு ஸ்க்ரூவை லேசா தளர்த்தி, கார்ட்ரிட்ஜ் ரெண்டு இடத்துலயும் கோட்டுக்கு இணையா நிக்கிற வரைக்கும் நகர்த்துங்க. ஒரு மணி நேரம் ஆகும், பொறுமை. பிரிண்டர்ல 100% ஸ்கேல்னு போட மறந்துடாதீங்க. எடுத்ததும் ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க.

ஆன்டி-ஸ்கேட்டிங்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். எடை 2-ன்னா இதுவும் 2. வலது பக்கம் மட்டும் கரகரன்னா கொஞ்சம் கூட்டுங்க, இடதுன்னா குறைங்க. 'ப்ரியா' மாதிரி ஸ்டீரியோவுல பதிவு பண்ணது இருந்தா அதைப் போடுங்க.

முக்கியமா, பழைய ஊசியை மாத்தாம இதெல்லாம் பண்ணாதீங்க. அடுத்த எபிசோட்ல தட்டு கழுவுறதைப் பத்திப் பேசலாம். எங்க நெய்வேலிப் பக்கத்துத் தூசிக்கு அதுக்கே தனியா ஒரு மணி நேரம் வேணும்.