குழந்தைப்பேறு சிகிச்சை: மறைக்காதீர், கேட்டுத் தெளிவீர்!

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



திருமணமாகி ஐந்தாண்டுகள் குழந்தை இல்லையென்றால் ஊரே மனைவியைத்தான் குறை சொல்கிறது. குறை ஆணிடமும் இருக்கலாம். எனவே முதலில் இருவரும் சோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகே சிகிச்சை.

முதல் சோதனைக் குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அவரும் இன்று ஒரு தாய். இம்முறையில் இதுவரை ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்துள்ளனர். மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? சிறிதளவு உண்டு.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு மாறவில்லை, ஆனால் 'எடு', 'எடுக்காதே' என்று ஒட்டிய சீட்டு கழன்று விழுந்தால் வேலையாள் தவறாக எடுத்துவிடுவான். மரபணுவின் மீதும் இத்தகைய இரசாயனக் குறிகள் உள்ளன. கரு உருவாகும் முதல் நாட்களில் அவை பிசகினால், மரபணு சரியாக இருந்தும் நோய் வரலாம்.

பெக்வித்-வீடமேன் நோய் அத்தகையது. பெரிய நாக்கு, தொப்புள் பிதுக்கம், பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை குறைதல், சிறுவயதில் சிறுநீரகக் கட்டி ஆகியவை இதில் வரலாம். 2003ல் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதனைக் குழாய் குழந்தைகளிடம் இது கூடுதலாக இருப்பதைக் கண்டனர். 2004ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, நாலாயிரத்தில் ஒரு குழந்தைக்கு எனக் கணக்கிட்டது. காரணம் ஆய்வகமா, மருந்தா, பெற்றோரின் குறைபாடா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நாலாயிரத்தில் ஒன்று என்பதற்காக யாரும் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கேளுங்கள்! ஒரு மூட்டை அரிசிக்கு நாலு கடை விசாரிக்கும் நாம், இலட்சங்கள் கொடுக்கும் இடத்தில் வாய் மூடி நிற்கலாமா? 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா? எத்தனை கருக்களை வைக்கிறார்கள்? இரட்டைக் குழந்தைகள் என்றால் குறைப்பிரசவ ஆபத்தும் கூடும்.

இன்னொன்று. வெட்கப்பட்டுச் சிகிச்சையை மறைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் வயிற்று ஸ்கேன் எடுத்துக் கட்டியைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

நமது மௌனத்திற்கு நம் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது.