முத்திரை இருந்தா மட்டும் போதுமா?

சரவணம்பட்டிப் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிறவங்க, கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க.

மம்முட்டியைத் தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்கணும். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். பிடி ஆடக்கூடாது.

சித்திரை வெயில்ல மோட்டார் எரிஞ்சா தென்னை தாங்காதுங்க. அதனால ஐ.எஸ்.ஐ. முத்திரையோட இருக்கிற சி.எம்./எல். எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பாருங்க. யாருக்குக் கொடுத்த உரிமம், நடப்பில் இருக்கிறதா என்பது தெரிஞ்சிடும். பொருந்தலைன்னா வாங்காதீங்க, அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

பவர் வீடர் வாங்கறதுன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடியே ‘உழவன்’ செயலி மூலம் மானியத்துக்கு விண்ணப்பியுங்க. சிறு, குறு விவசாயிகள், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் மானியம் உண்டு.

உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைக்குமான்னு கேளுங்க. பில் வாங்காம வராதீங்க.