லேபிளில் இல்லாத பெயர்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்களைக் களைப்பாக்கிவிட்டு மேடையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, களைத்துப் போனாலும் எழுந்து போகாத தாய்மார்களே, பெரியோர்களே!

வாசலில் வரும்போதே ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தமிழ் மன்றத்துல வந்து அறுபதுகளோட இங்கிலீஷ் பாட்டுன்னு தலைப்பு வெச்சிருக்கீங்களே, நியாயமா தம்பி?" என்றார். நியாயம்தான் ஐயா. ஏன் என்று கேளுங்கள்.

1967. லண்டன். பீட்டில்ஸ் நால்வரும் உலகத்தை ஆட்டிப் படைத்துக்கொண்டிருக்கிற காலம். ஏறக்குறைய நாலு வருஷமாக அவர்கள் போட்ட சிங்கிள் ஒவ்வொன்றும் பிரிட்டனில் முதலிடம். பிப்ரவரி மாதம் அடுத்த தட்டு வருகிறது. ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. இரண்டும் அவர்களுடைய தலைசிறந்த பாட்டுகள். ஆனால் தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது! மேலே ஏற விடாமல் ஒருவர் குறுக்கே நிற்கிறார். 'ரிலீஸ் மீ' என்று ஒரு பாட்டு. ஆறு வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அந்த மனிதர் 1936-ல் பிறந்த ஊர் எது தெரியுமா?

மதராஸ்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பீட்டில்ஸை மறித்தவர் மதராஸ் மண்ணில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், குடும்பம் பிறகு இங்கிலாந்தில் லெஸ்டருக்குக் குடிபோய்விட்டது, எல்லாம் சரி. பிறந்தது எங்கே? அதைச் சொல்லுங்கள். ஆதார் கார்டா கேட்கப்போகிறோம்?

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. ஜெர்ரி டார்சி என்ற பெயரில் எத்தனையோ வருஷம் பாடியும் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் கார்டன் மில்ஸ் ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரை எடுத்து இவர்மேல் ஒட்டினார். அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது. இன்னொருவர் பெயரை ஒட்டிக்கொண்டு இவர் பிழைத்தார். தன் குரல்மேல் இன்னொருவர் பெயரை ஒட்டியதால் ஒரு பெண் பிழைப்பே போய் நின்றாள். நான் இன்றைக்கு வந்தது அந்தப் பெண்ணுக்காக.

அவள் பெயரை இப்போது சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்கள் சொன்னார்களா? நான் மட்டும் எதற்கு அவசரப்பட வேண்டும்?

அமெரிக்காவில் 'பில்போர்டு' என்று ஒரு பத்திரிகை. 1958 ஆகஸ்டிலிருந்து 'ஹாட் 100' என்று வாராவாரம் பட்டியல் போடுகிறது. அன்றைக்கு எத்தனை தட்டு விற்றது, வானொலியில் எத்தனை தடவை போட்டார்கள் என்று கணக்குப் பார்த்து நூறு பாட்டுக்கு வரிசை எண் கொடுப்பார்கள். இங்கே நம் அண்ணன்மார்கள் இலங்கை வானொலியின் முள்ளைத் திருகித் திருகிக் கேட்ட மேல்நாட்டுப் பாட்டில் பலவும் அந்தப் பட்டியலில் ஏறி இறங்கியவைதான்.

1962 நவம்பர். பட்டியலின் உச்சியில் 'ஹீ இஸ் எ ரெபெல்'. தட்டின் நடுவில் வட்டமாக லேபிள் ஒட்டியிருப்பார்களே, அதில் 'தி கிரிஸ்டல்ஸ்' என்று பெயர். நியூயார்க்கைச் சேர்ந்த சின்னப் பெண்கள் குழு. அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வானொலியில் அறிவிக்கிறார்கள்: இதோ கிரிஸ்டல்ஸின் புதுப் பாட்டு! பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை!

தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். அதே பாட்டை வேறொரு கம்பெனியும் பதிவு செய்கிறது என்று காதில் விழுந்துவிட்டது. நியூயார்க்கிலிருந்து பிள்ளைகளை வரவழைக்க நேரம் இல்லை. பக்கத்திலேயே ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய்ப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அழைத்தார். ஏறக்குறைய இருபத்தொரு வயது. வந்தாள், பாடினாள், பேசிய தொகையை வாங்கிக்கொண்டு போனாள். நாடே அவள் குரலைக் கேட்டது. லேபிளில் அவள் இல்லை.

சரி, முதல் தடவை அவசரம், மன்னித்துவிடலாம். அடுத்த பாட்டு. இது உன் பெயரில்தான் வரும் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பாடுகிறாள். வெளியே வருகிறது. என்ன பெயரில்? கிரிஸ்டல்ஸ்!

நீங்கள் உச்சுக் கொட்டுவது எனக்குக் கேட்கிறது. இருங்கள், உங்களைச் சிரிக்கவைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

1963 ஜூன். அதே அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது என்ன மொழிப் பாட்டு? ஜப்பானிய மொழி! ஒரு சொல்கூட ஆங்கிலமாக மாற்றாமல், அப்படியே ஜப்பானியப் பாட்டு. பாடியவர் கியூ சகமோட்டோ. தாய்மொழியில் பாடினால் உலகம் கேட்காது என்று யார் சொன்னது? தட்டுங்கள் அதற்கும். அழுகையை அடக்கிக்கொண்டு தன்னந்தனியாக நடக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. எழுதிய ரோகுசுகே எய் ஒரு போராட்டத்துக்குப் போய்விட்டு மனம் உடைந்து திரும்பிய வேளையில் பிறந்தது. யாரை எதிர்த்துப் போராட்டம்? ஜப்பான் அமெரிக்காவோடு போட்ட ராணுவ ஒப்பந்தத்தை எதிர்த்து! அந்தப் பாட்டைத்தான் அமெரிக்காவே வாங்கித் தலையில் வைத்துக் கொண்டாடியது.

ஆனால் பெயர்? ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாது என்று லண்டனில் ஒரு கம்பெனிக்காரர் 'சுகியாகி' என்று மாற்றிவிட்டார். சுகியாகி என்றால் மாட்டிறைச்சியும் காய்கறியும் போட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிடுகிற ஒரு பதார்த்தம். நம் ஊர்ச் சோகப் பாட்டை ஒருவன் வாங்கிக்கொண்டு போய் 'மிளகு ரசம்' என்று பெயர் வைத்து விற்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது மிளகு ரசம். 1985 ஆகஸ்டில் ஜப்பானில் ஒரு விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அதில் சகமோட்டோவும் ஒருவர்.

சிரிக்கவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டேன். இதோ வந்துவிட்டேன்.

1969-க்கு வாருங்கள். மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம். அந்த வருஷக் கடைசியில் பில்போர்டு கூட்டிக் கழித்து, இந்த ஆண்டின் முதல் பாட்டு இதுதான் என்று அறிவித்தது எது? பீட்டில்ஸா? இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸா? இல்லை. 'சுகர் சுகர்'. பாடியது 'தி ஆர்ச்சீஸ்'. ஆர்ச்சீஸ் யார்? கார்ட்டூன்! தொலைக்காட்சியில் ஓடிய பொம்மைப் படத்தில் வருகிற பிள்ளைகள். உண்மையில் பாடிய ரான் டான்டி ரத்தமும் சதையுமாக நிற்கிறார், அவர் பெயர் லேபிளில் இல்லை. காகிதத்தில் வரைந்த பையனுக்குப் பெயர் இருக்கிறது! இருப்பவன் பெயர் விட்டுப்போகும், இல்லாதவன் பெயர் ஏறியிருக்கும், இந்த அதிசயம் வேறு எந்தப் பட்டியலில் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் அரசியல் பேச வரவில்லை.

ஆனால் ஒன்றைப் பேசித்தான் ஆகவேண்டும். இந்த ஊரில் இன்னொரு மேடை இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அதையும் விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள். போன தடவை அவர்கள் போட்ட மெல்லிசைக் கச்சேரி நோட்டீஸைப் பார்த்தீர்களா? ஆர்ட் பேப்பர், நாலு கலர். நன்கொடையாளர்கள் அத்தனை பேருக்கும் பட்டம் போட்டு, படம் போட்டு, படத்தில் மோதிரம்கூடத் தெரிகிறது. பாடியவர்களுக்கு என்ன போட்டிருந்தார்கள்? "மற்றும் குழுவினர்." கீபோர்டுக்காரர் மற்றும் குழுவினர். தபேலாக்காரர் மற்றும் குழுவினர். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை பாடிய அந்தப் பெண், அவளும் மற்றும் குழுவினர்! பொன்னாடை மட்டும் ஒருவர் தோளிலேயே ஏழு. அந்தத் தோள் அன்றைக்கு ஒரு சுருதியாவது பிடித்ததா? ஆர்மோனியப் பெட்டியைத்தான் தூக்கியதா?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "தலைப்புக்கு வரவும்" என்று எழுதியிருக்கிறது. ஐயா, இதுதான் தலைப்பு.

டெட்ராய்ட் நகரத்துக்கு வருகிறேன். 1959-ல் பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனி மோடவுன். ஒரு வீட்டையே ஸ்டுடியோவாக்கினார். அங்கே பாடிய சுப்ரீம்ஸ் குழுப் பெண்கள் 1964, 65-ல் அடுத்தடுத்து ஐந்து பாட்டை முதலிடத்தில் வைத்தார்கள். அவர்களில் முன்னால் நின்று பாடிய டயானா ராஸை உலகம் அறியும். அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் அடியில் பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை யார் அறிவார்? பெரும்பாலும் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். உங்கள் கால் தானாகத் தாளம் போட்டது அந்த விரலுக்குத்தான். மோடவுன் வாத்தியக்காரர்களைப் பற்றி 2002-ல் ஒரு ஆவணப்படம் வந்தது. பீட்டில்ஸ், எல்விஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பீச் பாய்ஸ் எல்லாரையும் கூட்டினாலும் இவர்கள் வாசித்த முதலிடப் பாட்டுகளின் எண்ணிக்கை வராது என்று அந்தப் படம் சொல்கிறது. நீங்கள் போய் எண்ணிப் பாருங்கள், நான் நம்பிவிட்டேன். அறுபதுகள் முழுக்க உறையில் அவர்கள் பெயர் கிடையாது. 1983-ல் மோடவுனுக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா எடுத்தார்கள். ஜேமர்சனை மேடைக்கு அழைக்கவில்லை. தன் காசில் டிக்கெட் வாங்கி, பால்கனியில் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆகஸ்டிலேயே கண்ணை மூடிவிட்டார்.

இப்போது என் பெண்ணுக்கு வருகிறேன். விட மாட்டேன்.

காலம் போயிற்று. பாட வாய்ப்பில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நாட்டின் நம்பர் ஒன் பாட்டைப் பாடிய அந்தப் பெண், பணக்காரர் வீடுகளில் குளியலறை கழுவிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் கழுவிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டு வானொலியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. 1963-ல் பாடியது. அவள் குரல்! பிரஷ் கையில் இருக்கிறது, குரல் காற்றில் வருகிறது. நாம் இருக்கவேண்டிய இடம் இதுவல்ல என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

முடிவு செய்தாள், திரும்பி வந்தாள்! அதே கிறிஸ்துமஸ் பாட்டை 1986 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவளே வந்து பாடினாள். ஸ்பெக்டர்மேல் வழக்குப் போட்டு, வரவேண்டிய ராயல்டியை வாங்கினாள். 2011-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறினாள். 2014-ல் பின்னணிப் பாடகிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அந்த மேடையில் வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடினாள். ஹாலிவுட் எழுந்து நின்று கைதட்டியது.

அவர் பெயர் டார்லீன் லவ். இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும்: டார்லீன் லவ்! தட்டுங்கள்!

தலைவரின் இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது, இதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கிறது. முடித்துவிடுகிறேன். அடுத்த மாதம் நம் மன்றத்தின் ஆண்டு விழா, கச்சேரி உண்டு. செயலாளர் இங்கேயே இருக்கிறார். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் பாடுகிறவர், வாசிக்கிறவர், மைக் செட் போடுகிற தம்பி உட்பட ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். இடம் போதவில்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், நம் நன்கொடையாளர்களின் பட்டங்களில் இரண்டிரண்டைக் குறையுங்கள்.